பொட்டிக்கு வச்ச பொட்டு

நான் இனிமே சொல்லப்போறதுல ஒரு சொல்லு, ஒத்தைச் சொல்லு பொய்யா இருந்தாலும் இந்த பஸ்ஸு இப்பவே, இந்த இடத்துலயே பஞ்சராகட்டும் தம்பி. கொஞ்சம் பொறுங்க... ஆகல. பாத்தீங்களா? ஓடுது. அம்புட்டுத்தான். இனி என்னைச் சந்தேகப்பட்டா பஸ்ஸைச் சந்தேகப்பட்ட மாதிரி.

நீங்கதான கேட்டீங்க, மடியில என்ன ஆர்மோனியமான்னு? மேல கம்பியில வைக்கச் சொன்னீங்க. வைக்க மாட்டேன். பச்சப்பிள்ளையை யாராவது கம்பியில தூக்கி வைப்பாகளா? துண்டை விலக்கிக் காட்டுறேன், கை மட்டும் வச்சுராதீங்க. இது கம்ப்யூட்டரு. சிரிக்காதீங்க தம்பி. டிவி மாதிரி ஒண்ணு, காலுக்கடியில டப்பா ஒண்ணு, கையில எலி ஒண்ணு, அதெல்லாம் பெறகு வந்தது. இது அப்பத்திய கம்ப்யூட்டரு. டைப்படிக்கிற கட்டைக்குள்ளயே எல்லாம் அடக்கம். வீட்டு டிவியில ஒரு வயரைச் சொருகணும், பக்கத்துல டேப்பு ரிக்கார்டரு வைக்கணும், அதுல ஒரு கேசட்டு. அந்தக் கேசட்டுலதான் ஒம்பது கிரகமும் குடியிருக்கும்.

வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால, பூக்கடைச் சந்துல, 'அதிநவீன கம்ப்யூட்டர் ஜாதகம்'னு போர்டு பாத்திருக்கீங்களா? பாத்திருக்க மாட்டீங்க, மழையில 'அதி' அழிஞ்சு போச்சு. அது நம்ம கடைதான். நான் அந்தக் கடைக்கு ஆள் கூப்பிட வந்தவன். "வாங்க வாங்க, மனுசன் கை படாத ஜாதகம்"னு வாசல்ல நின்னு கத்துவேன். உள்ள முதலாளி தண்டபாணி ஐயா பட்டனைத் தட்டுவாரு. ஒரு நாளு ஆளே வரல, சும்மா இருந்தவரு தன்னோட ஜாதகத்தையே போட்டுப் பாத்தாரு. பாத்தாரு, எந்திரிச்சாரு, செருப்பைக்கூட மாட்டாம காசிக்குப் போயிட்டாரு. அப்பயிருந்து கடை எனக்கு, பொட்டி எனக்கு. டிவியில அவருக்கு என்ன வந்துச்சோ தெரியாது. அந்தப் பயத்துல நான் இன்னைய வரைக்கும் என் ஜாதகத்தைப் போட்டதில்ல.

எனக்கு ஜோசியம் தெரியுமான்னு கேக்குறீங்க, மூஞ்சியிலயே தெரியுது. தெரியாது. மூணாங்கிளாசோட வாத்தியாரு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிட்டாரு. அசுவினிக்கும் அலுமினியத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாது. பொறந்த தேதியை அடிக்கணும், நேரத்தை அடிக்கணும், ஊரை அடிக்கணும், பெரிய பட்டனை அமுக்கணும். டிவியில தமிழ்ல வரும். எழுத்துக் கூட்டி வாசிச்சுச் சொல்லுவேன். பொட்டி சொல்லும், நான் சொல்லுவேன். நடுவுல நான் ஒண்ணும் சேக்குறதில்ல. சரி, கொஞ்சமா உப்பு சேப்பேன்.

கேசட்டு ஓடுறப்ப ஒரு சத்தம் வரும் பாருங்க. கீஈஈஈ... கிர்ர்ர்ர்... கீஈஈ... பூனையை வாளியில போட்டு மூடுன மாதிரி. வந்தவுக அரண்டு போவாக. "ஒண்ணுமில்ல, கிரகங்க பேசிக்கிருதுக, கும்பிட்டுக்கங்க"ம்பேன். கும்பிடுவாக. கேசட்டு ஓடி முடியுறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிரலாம்.

சரி, விசயத்துக்கு வாறேன். எனக்கு ஒரே மக. ஆத்தா இல்லாத பிள்ளை. அவ பேரு போதும்பொண்ணு. மறுபடியும் சிரிக்கிறீங்க. வரிசையா பொட்டப்பிள்ளையாப் பொறந்து அலுத்துப் போய் வைக்கிற பேருதான் அது, எனக்கும் தெரியும். எனக்குப் பொறந்ததே ஒண்ணு. ஆனா அவ பொறந்த நேரத்தைப் போட்டதும் பொட்டி என்ன சொல்லுச்சு? சித்திரை நட்சத்திரம், பேரு 'போ'வுல ஆரம்பிக்கணும். 'போ'வுல உங்களுக்கு வேற என்ன பொம்பளைப் பேரு தெரியும், சொல்லுங்க? ... அங்க பாருங்க, ஒங்களுக்கே வரல.

அவ நம்மூரு ஸ்கேன் சென்டர்ல வாசல்ல நின்னு பேரு கூப்பிடுற வேலையில இருக்கா. ஊரு பேரையெல்லாம் சத்தமாக் கூப்பிடுவா, தம்பேரை மட்டும் கேட்டா முணுமுணுப்பா. அங்கிட்டு ஆளுகளை ஏத்திக்கிட்டு வாற ஆம்புலன்ஸ் டிரைவரு ஒருத்தன், கருத்தபாண்டின்னு பேரு, பெரியகுளத்துக்காரன். நோயாளியை எறக்கிட்டுப் போக வேண்டியதுதான? போக மாட்டான். தண்ணி குடிப்பான், டயரைத் தட்டுவான், மறுபடியும் தண்ணி குடிப்பான். ரெண்டும் இப்படியே தண்ணி குடிச்சுக் குடிச்சு வருசமா ஓட்டிருச்சுக. நான் கொண்டு வந்த மாப்பிள்ளையெல்லாம் ஒண்ணொண்ணா தட்டி விட்டா. அவளுக்கு முப்பதைத் தாண்டப் போகுது. எனக்கு நெஞ்சுல கல்லு.

தடை என்னன்னா அந்தப் பய ஆத்தா. சிட்டம்மான்னு பேரு. மாங்கா மண்டியில எடை போடுறவுக. ஆளைப் பாத்தாலே நம்மளைத் தராசுல ஏத்துன மாதிரி இருக்கும். புருசன் இல்ல, சின்ன வயசுலயே போயிட்டாரு. ஒத்தைப் பிள்ளையை மாங்கா தூக்கி வளத்தவுக. வருசக்கணக்கா "பாப்போம், பாப்போம்"னே சொன்னவுக, போன புரட்டாசியில ஒரு நாளு எங்கடை வாசல்ல வந்து நின்னாக.

"பொண்ணு எனக்குப் பிடிச்சிருக்குண்ணே. ஆனா பொருத்தம் பாக்கணும்."

"பாத்துருவோம் தாயி."

"உங்க பொட்டியிலதான் பாக்கணும். வேற எங்கயும் வேணாம். விஜயதசமியன்னைக்கு வாறேன். எங்கண்ணு முன்னால போடணும். எனக்கும் எங்கப்பா இங்கதான் பாத்தாரு."

எனக்கு அப்படியே நெஞ்சு நிமிந்துருச்சு தம்பி. பாத்தீங்களா நம்பிக்கைய? அன்னைக்குத் தனக்குப் பாத்த பொட்டியிலயே இன்னைக்குத் தம்மகனுக்கும் பாக்கணும்ங்கிறாக. இந்த மாதிரி வாடிக்கை எவனுக்கு அமையும்?

நிமிந்த நெஞ்சு மறுநாளே படுத்துருச்சு. டேப்பு ரிக்கார்டரு கேசட்டை முழுங்கிருச்சு! நாடா பூரா வெளிய வந்து, இடியாப்பம். நானும் பென்சிலை விட்டுச் சுத்துறேன், சுத்துறேன், கசங்கிக் கசங்கிப் போகுது. போட்டா கிரகம் பேசல, முனகுது. ஒக்காந்து அழுதேன். சத்தியமா அழுதேன். மக வந்து, "ஏம்ப்பா, போன்லயே இப்ப ஜாதகம் பாக்கலாம்ப்பா"ன்னா. "உன் மாமியா போன்லயா பாக்கச் சொன்னா? பொட்டியிலன்னுல்ல சொன்னா"ன்னேன். அவளும் ஒக்காந்துட்டா.

அப்ப திண்டுக்கல்லுல ஒரு ஆளு இருக்கான்னு சொன்னாக. ஜெர்வாசுன்னு. பழைய கம்ப்யூட்டருன்னா பைத்தியம். அவன் வீட்டுல கட்டில் இல்ல, கம்ப்யூட்டரு மேலதான் படுப்பான் போலருக்கு. இந்தப் பொட்டியைப் பாத்ததும் ரெண்டு கையாலயும் வாங்கி மோந்து பாத்தான் தம்பி! "அண்ணே, இதை எனக்கே குடுத்துருங்கண்ணே"ன்னான். "பொண்ணு கல்யாணத்தை முடிச்சுக் குடு, பேரனைக்கூடத் தாறேன், பொட்டியைக் கேக்காத"ன்னேன்.

அவன் அந்தக் கசங்குன நாடாவை நீவி நீவி விட்டு, ஒட்டு வேலை பாத்து, மெதுவா ஓட விட்டு, அது கத்துன கத்தலை அப்படியே பிடிச்சு ஒரு கார்டுக்குள்ள அடைச்சுட்டான். எந்தக் கார்டுங்கிறீங்க? உங்க போனுக்குள்ள இருக்குமே, நகத்தளவு, பாட்டு ஏத்துற கார்டு, அதுதான். பொட்டிக்குப் பின்னால சொருகுறதுக்குச் சின்னதா ஒரு பலகை செஞ்சு, அந்தப் பலகையில கார்டுக்கு ஒரு சந்து. கேசட்டு வேணாம், டேப்பு ரிக்கார்டரு வேணாம். ஒம்பது கிரகத்தையும் நகத்துக்குள்ள திணிச்சுட்டான் பாவிப்பய!

போட்டுக் காட்டுனான். பட்டனை அமுக்கினேன். கண்ணை மூடித் தொறக்குறதுக்குள்ள டிவியில ஜாதகம் நிக்குது. எனக்குச் சந்தோசம் வரணும்ல? வரல.

"ஏன்டா, சத்தத்தைக் காணோம்?"

"சத்தம் இல்லண்ணே. அது கார்டு."

"கிரகம் பேச வேணாமா?"

"பேசாமயே முடிஞ்சிரும்ணே."

முடிஞ்சிருமாம்! யாரு நம்புவா? நீங்களே சொல்லுங்க, அமுக்குன உடனே வந்தா அதுக்குப் பேரு ஜாதகமா, லைட்டா? ஊருக்குக் கொண்டாந்து ஒருத்தருக்குப் போட்டேன். அவரு டிவியைப் பாத்தாரு, என்னைப் பாத்தாரு, "முன்னாடியே எழுதி வச்சிருந்தியா?"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு. பெறகு என்ன செய்ய? திரைக்குப் பின்னால நின்னுக்கிட்டு நானே கத்துனேன். கீஈஈஈ... கிர்ர்ர்ர்... இப்பக் கூட வரும் பாருங்க. கீஈஈ— சரி சரி, டிரைவரு திரும்புறாரு. வேணாம்.

இப்படியே ஆயுத பூசை வந்துச்சு. மறுநாளு விஜயதசமி, சிட்டம்மா வாற நாளு. பூசையை நான் சும்மா செய்வனா? பொட்டியைத் தொடச்சு, சந்தனம் குழைச்சு, பன்னீரு விட்டு, குங்குமம் வச்சு, டிவிக்குப் பொட்டு, கட்டைக்குப் பொட்டு, டேப்பு ரிக்கார்டருக்குக்கூடப் பொட்டு. கேசட்டை முழுங்குன பயதான், இருந்தாலும் இத்தனை வருசம் ஒழைச்சான்ல. எல்லாத்துக்கும் வச்சுட்டுப் பாக்குறேன், கார்டு மட்டும் பொட்டில்லாம நிக்குது. மொத்த வேலையும் பாக்குறது அது! அதை விட்டா பாவமில்லையா?

கார்டுக்கு ரெண்டு பக்கம். ஒரு பக்கம் கறுப்பு, எழுத்தெல்லாம் போட்டிருக்கும். அது முதுகு. இன்னொரு பக்கம் தங்கக் கலர்ல பல்லுப் பல்லா வரிசையா இருக்கும். அதான் மொகம். முதுகுல எவனாவது பொட்டு வைப்பானா? மொகத்துலதான் வச்சேன். ஒரு பல்லு விடாம, ஒவ்வொரு பல்லுக்கும் கெட்டியா சந்தனம், மேல குங்குமம், அம்புட்டு அழகா இருந்துச்சு தம்பி, பல்லு தெரியாம பொட்டா ஜொலிச்சுச்சு. அப்படியே திரும்பச் சந்துக்குள்ள சொருகி, சூடம் காட்டி, பொரியைப் படைச்சு, "நாளைக்கு நம்ம பிள்ளை விசயம், காப்பாத்திக் குடு"ன்னு விழுந்து கும்பிட்டேன். அன்னைக்குப் பொட்டியைத் தொடக் கூடாது, ஓய்வு. தொடல. இம்புட்டு பக்தியா செஞ்சவனுக்கு என்ன நடந்துச்சுன்னு கேளுங்க.

விஜயதசமி காலையில மக கோலம் போட்டுட்டு உள்ள வந்தா. கையெல்லாம் மாவு.

"அப்பா, ஒண்ணு சொல்லவா?"

"சொல்லு தாயி."

"பொட்டி சரியில்லைன்னு சொல்லிருச்சுன்னா, நீ சரியா இருக்குன்னு சொல்லிரு."

"அடிப் பாவி, பொய் சொல்லச் சொல்றியா? தொழில்ல?"

"வாயாலயே கிரகம் கத்துற ஆளுதான நீ?"

அவளுக்கு வாயி என்னை மாதிரி. ஆனா அன்னைக்குக் கண்ணு கலங்கிருந்துச்சு. "இது இல்லேன்னா எனக்கு வேற யாரையும் பாக்காதப்பா. பேரு கூப்பிட்டுக்கிட்டே காலத்தை ஓட்டிர்றேன்"னா.

வந்துட்டாக. சிட்டம்மா, மகன் கருத்தபாண்டி. தைரியத்துக்கு இருக்கட்டும்னு நான் ஜெர்வாசையும் வரச் சொல்லிருந்தேன். மக காப்பி குடுத்தா. அந்தப் பய காப்பியை வாங்கிட்டு தண்ணியும் கேட்டான். பழக்கதோசம்.

நான் உள்ள போனேன். பொட்டிய உசுப்புனேன். பட்டனை அமுக்கினேன். திரைக்குப் பின்னால நின்னு ஆரம்பிச்சேன், கீஈஈஈ... கிர்ர்ர்ர்... டிவியைப் பாத்தா எழுத்தே இல்லாம வெறும் சாம்பல் கலரு. மறுபடியும் அமுக்கினேன். கீஈஈஈ... சாம்பலு. விடாமக் கத்துறேன். தொண்டை வறண்டு இருமலு வந்துருச்சு, கிரகம் இருமுது தம்பி! வெளிய சிட்டம்மா மகன்கிட்ட, "அப்பவும் இப்படித்தான்டா கத்துச்சு, இருமல் மட்டும் புதுசு"ங்கிறாக. எனக்கு வேர்வை கண்ணுக்குள்ள எறங்குது. டிவி மண்டையில ஒரு தட்டு. பழனிக்கு மொட்டை போடுறேன் முருகான்னு வேண்டுனேன். ஒண்ணுமில்ல. ஜெர்வாசுக்கும் சேத்துப் போடுறேன்னேன், அவன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போறவன், முருகனுக்குத் தெரியவா போகுது. ஒண்ணுமில்ல. கார்டு செத்துப் போச்சு. எம்மக வாழ்க்கை நகத்தளவு கார்டுல செத்துக் கெடக்கு.

திரையை விலக்கி, "ஜெர்வாசு, கொஞ்சம் உள்ள வா"ன்னேன். நானா பேசுனேன், ஆடு பேசுன மாதிரி இருந்துச்சு. வந்தான். கார்டை உருவுனான். உருவுனவன் அப்படியே நின்னுட்டான்.

"அண்ணே... என்னண்ணே இது?"

"பொட்டு."

"யாருண்ணே இதுல வச்சது?"

"நான்தான். பின்ன பக்கத்துக் கடைக்காரனா வந்து வைப்பான்?"

அவன் தலையில கை வச்சுக்கிட்டான். அவுகளுக்கு இந்த வழக்கம் கிடையாதுல்ல, பாவம், வெளங்கல. "இதைத் தொடைக்கணும்ணே"ன்னான்.

அவன் சொன்னதோட அர்த்தம் அவனுக்குத் தெரியல தம்பி. என்னைக்குச் சொல்றான்? எம்மகளுக்குத் தாலிப் பேச்சு பேசுற அன்னைக்கு! எதைச் சொல்றான்? பொட்டை அழிக்கச் சொல்றான்! பொட்டை எப்ப அழிப்பாக, யாருக்கு அழிப்பாக, உங்களுக்குத் தெரியாதா? பிடுங்கிட்டேன். கார்டைக் கையில பொத்திக்கிட்டேன். "கல்யாணம் நின்னாலும் நிக்கட்டும், பொட்டை அழிக்க விட மாட்டேன்டா"ன்னு கத்துனேன். அது நெசமாவே கத்தலு, கிரகம் இல்ல. எல்லாரும் உள்ள வந்துட்டாக.

"அப்பா, குடுப்பா"ங்கிறா மக.

"மாட்டேன். இன்னைக்கு இதுல அழிச்சா நாளைக்கு உன் நெத்தியில அழிச்ச மாதிரி."

"சந்தனம்தானப்பா அது!"

"பொட்டு! பொட்டுடீ!"

"மாமா, கார்டு மாமா அது"ங்கிறான் அந்தப் பய. மாமாவாம். இன்னும் ஒண்ணுமே முடிவாகல, அதுக்குள்ள மாமா. நான் கையை நெஞ்சோட அமுக்கிக்கிட்டு மூலையில ஒக்காந்துட்டேன். அழுகையா வருது. தொடைச்சா அவளுக்கு ஆகாது, தொடைக்காட்டி கல்யாணம் ஆகாது. அங்கிட்டும் போக முடியல, இங்கிட்டும் வர முடியல. என் எதிரிக்கும் அந்த நெலமை வரக் கூடாது தம்பி.

சிட்டம்மா வந்து என் முன்னால குத்த வச்சு ஒக்காந்தாக.

"அண்ணே, குடுங்க. நான் அழிக்கிறேன்."

"நீங்க எதுக்கும்மா..."

"வேற யாரும் அழிச்சாத்தான தோசம்? எனக்கு இனி என்ன? ஒரு தடவை அழிச்சவதான."

சொன்னவுக சும்மா சொன்னாக தம்பி, மாங்கா வெலை சொல்ற மாதிரி. கருத்தபாண்டி சுவத்தைப் பாத்துத் திரும்பிக்கிட்டான். என் கை தானா விரிஞ்சிருச்சு. அந்தம்மா முந்தானையை நாக்குல தொட்டு, ஒவ்வொரு பல்லா, ஒவ்வொரு பல்லா தொடைச்சாக. ஜெர்வாசு அந்தச் சந்துக்குள்ள ஊதி, பிரஷ்ஷை விட்டு, என்னத்தையோ சொரண்டி எடுத்தான். பொடி பொடியா வந்துச்சு. மண்ணு! எவனோ எனக்கு ஆகாதவன் உள்ள மந்திரிச்ச மண்ணைப் போட்டிருக்கான் தம்பி. எம்மச்சினன் மேலதான் எனக்குச் சந்தேகம், அவன் கண்ணே சரியில்ல. அந்தப் பொட்டு மட்டும் காவலுக்கு இல்லேன்னா பொட்டியே எரிஞ்சு போயிருக்கும். அதனாலதான் அவுக போனதும் மொத வேலையா கார்டுக்குப் புதுப் பொட்டு வச்சுட்டேன். முன்ன விடப் பெருசா.

சரி. சொருகுனான். அமுக்கினேன். கத்தக்கூட மறந்து போச்சு. டிவியில வந்துருச்சு!

பிள்ளைக ரெண்டு பேரு தேதியையும் நேரத்தையும் அடிச்சேன். பொருத்தம் வருது. மகேந்திரம், உண்டு. கணம், உண்டு. ஒண்ணொண்ணா எழுத்துக் கூட்டிக்கிட்டே வாறேன். கீழ வந்தேன். ரஜ்ஜு. ரஜ்ஜு, இல்லை. பொண்ணு சித்திரை, பையன் அவிட்டம், ரெண்டும் சிரசு ரஜ்ஜு, கணவனுக்கு ஆகாது. அப்படியே எழுதியிருக்கு. ரஜ்ஜுன்னா தாலிக் கயிறு தம்பி. மத்ததெல்லாம் இல்லாட்டிக் கூட சமாளிக்கலாம், அது இல்லேன்னா ஒருத்தனும் பொண்ணெடுக்க மாட்டான். அதுவும் புருசனைச் சின்ன வயசுல பறிகுடுத்த பொம்பளை, தன் ஒத்தைப் பிள்ளைக்கு எடுப்பாகளா?

நான் டிவிக்கு முன்னால வந்து நின்னுட்டேன். துண்டை விரிச்சுப் பிடிச்சுக்கிட்டேன். எம்மக மொகத்தைப் பாத்தேன். அவ என்னையவே பாக்குறா. காலையில சொன்னாளே, அது கண்ணுல நிக்குது.

சொல்லிப்புட்டேன் தம்பி. மொத மொதலா பொட்டி சொல்லாததைச் சொன்னேன். "பத்துக்குப் பத்து! பத்துப் பொருத்தமும் பவுனாட்டம் இருக்கு. ரஜ்ஜு கெட்டியோ கெட்டி. பொண்ணு தீர்க்க சுமங்கலி!"

மக மொகம் பூத்துச்சு. சிட்டம்மா மொகம் செத்துச்சு.

மெதுவா எந்திரிச்சாக. பையை எடுத்தாக. "வாடா போவோம்"னாக.

"ஏம்மா? என்னம்மா? பத்துக்குப் பத்தும்மா!"

"இதே வார்த்தைண்ணே. எங்கப்பாவுக்குப் பின்னால நான் நின்னேன், நீங்க இந்தத் திரைகிட்ட நின்னு இதையேதான் வாசிச்சீங்க. பத்துக்குப் பத்து. தீர்க்க சுமங்கலி. அந்த மனுசன் இவனைத் தூக்கி நடக்கக்கூட இருக்கல. அதான் இந்தப் பொட்டிகிட்டயே வந்தேன். இது எம்மகனுக்கும் அதையே சொல்லுதான்னு பாக்க வந்தேன். சொல்லிருச்சு. வேணாம்ணே. எனக்குப் பயமா இருக்கு."

நேரத்தைச் சரியாக் குடுத்திருக்க மாட்டாக தம்பி, அவுக அப்பாரு, அதான். அஞ்சு நிமிசம் தள்ளிக் குடுத்தாக்கூட எல்லாம் மாறிப் போகும். பொட்டி மேல ஒரு தப்பும் இல்ல. ஆனா அதையா அப்பச் சொல்ல முடியும்? அவுக வாசலுக்குப் போயாச்சு. மக செவத்துல சாஞ்சு அப்படியே சரிஞ்சு ஒக்காந்துட்டா. அவ சொன்னதைத்தான் நான் செஞ்சேன். அதுவே அவளை முடிச்சிருச்சு.

ஓடுனேன். வாசப்படியில விழுந்து அந்தம்மா காலைப் பிடிச்சேன். "பொய்யும்மா! நான் சொன்னது பொய்யி! பத்து இல்ல! ரஜ்ஜு இல்ல! சுத்தமா இல்ல! வந்து பாருங்க, நாசமாப் போன பொருத்தம்மா இது, இதை விட மோசமா நான் பாத்ததே இல்ல!" தெருவே வேடிக்கை பாக்குது. எம்மக கல்யாணம் ஆகணும்னு அவ ஜாதகம் ஆகாது ஆகாதுன்னு நடுத்தெருவுல கத்துன அப்பன் உலகத்துல நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

அவுக நின்னாக. என்னை ஏற எறங்கப் பாத்தாக. தராசு. "துண்டை எடுங்க, நானே பாக்குறேன்"னாக.

எடுத்தேன். அந்தம்மா டிவிகிட்டப் போய், வெரலை வச்சு, ஒவ்வொரு எழுத்தா வாசிச்சாக. ரஜ்ஜு... இல்லை. சிரசு. கணவனுக்கு... ஆகாது. திரும்பவும் மொதல்ல இருந்து வாசிச்சாக. பெறகு சிரிச்சாக தம்பி. கண்ணுல தண்ணி, வாயில சிரிப்பு, எதுக்கு முந்தி பதில் சொல்றதுன்னு எனக்கே தெரியல.

"ஏன்டா பாண்டி, உனக்குத்தான் ஆகாதாம். என்ன சொல்ற?"

"சிரசுன்னா தலைதானம்மா? ஆம்புலன்ஸ்லயும் ஹெல்மெட்டைப் போட்டே ஓட்டுறேன்"னான்.

செவத்தோரம் இருந்து ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க. எம்மக. மூக்கை உறிஞ்சுக்கிட்டே சிரிக்கிறா. அவ அப்படிச் சிரிச்சு நான் கேட்டு எம்புட்டு நாளாச்சு.

"பத்தும் பொருந்தி நான் கண்டதைப் பாத்தாச்சு. பொருந்தாததுக எம்புட்டு நாளு இருக்குதுகன்னு பாப்போம்"னு சொல்லி, சிட்டம்மா பையில இருந்து மல்லியப்பூவை எடுத்து, அவுக கையாலயே எம்மக தலையில வச்சு விட்டாக. அந்தக் கையால வைக்கலாமான்னு கேக்க வாயைத் தொறந்தேன். மக ஒரு பார்வை பாத்தா. மூடிக்கிட்டேன்.

தை மாசம் கல்யாணம் முடிஞ்சுச்சு. எல்லாம் இந்தப் பொட்டி செஞ்சு வச்சதுதான் தம்பி. என்ன கொடுத்தாலும் தகும். இப்ப எங்க போறேன்? சம்பந்தியம்மா தங்கச்சி மகனுக்குப் பொண்ணு பாத்திருக்காகளாம். "பொட்டியோட வாங்கண்ணே, நீங்கதான் பாக்கணும்"னு போன் போட்டாக. எம்மேல அம்புட்டு நம்பிக்கை. ஒரே ஒரு கவலைதான் எனக்கு. இந்தத் தடவை எல்லாம் பொருந்திப் போச்சுன்னா அந்தப் பொண்ணு கதி என்னாகும்?

இந்தா, கண்டக்டரு வாறாரு. தம்பி, எனக்குப் பெரியகுளம் ஒண்ணு எடுத்துருங்க. பொட்டிக்கு லக்கேஜு போடுவாரு, அதையும் சேத்து. ஏன் முழிக்கிறீங்க? படத்துக்குப் போனா உள்ள விடுறதுக்கு முன்னாலயே காசை வாங்கிருவான், நான் முழுசா ஓட்டிக் காட்டிட்டுல்ல கேக்குறேன்? இவரு எடுக்கலேன்னா நீங்க எடுங்க, பின் சீட்டு மீசைக்காரரே, நீங்களும் காதை இங்கிட்டுத்தான வச்சிருந்தீங்க. முன்னால இருக்கிற அக்கா, திரும்பாட்டியும் பரவாயில்ல, பக்கோடாவைக் கடிக்காம கையிலயே பிடிச்சுக்கிட்டுக் கேட்டீங்களே, அந்தப் பொட்டலத்தை அப்படியே பின்னால நீட்டுங்க. கத்திக் கத்தித் தொண்டை போச்சு. சில்லறை இல்லைன்னு எவரும் சொல்லாதீங்க, நான் நோட்டாவே வாங்கிக்கிருவேன்.